ஜாவா 21 சான்றிதழ்த் தேர்வு: ஸ்விட்ச் கேள்விகளை எப்படி அணுகுவது?

முடிவு வந்துவிட்டது, தேறிவிட்டேன். ஸ்ட்ரீம், திரெட் பற்றியெல்லாம் எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் பேட்டர்ன் மேட்சிங் (ஒரு மதிப்பு எந்த வகை, எந்த வடிவம் என்று பார்த்துப் பிரிக்கும் முறை) பற்றி மட்டும் எழுதுகிறேன். என்னைக் கரைசேர்த்தது அந்தப் பகுதிதான்.

வகைக்கு ஒரு சப்கிளாஸ் எழுது, மெத்தடை ஓவர்ரைடு செய் என்றுதான் கல்லூரியில் படித்தோம். அந்தப் பழக்கத்தில், ஸ்விட்சை (மதிப்பைப் பார்த்து, கேஸ் எனும் கிளைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு) கண்டதும் எந்த விடை அச்சாகும் என்று தேடத் தொடங்கிவிடுவோம். வேண்டாம். அது கம்பைல் ஆகுமா என்பதை முதலில் பாருங்கள். இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாலும் போதும் என்பேன்.

கட்டணம் என்று ஒரு சீல்டு இன்டர்ஃபேஸ் (தன் கீழ் எந்த வகைகள் வரலாம் என்று முன்கூட்டியே வரம்பிட்டது), அதன் கீழ் ரொக்கம், கார்டு, யுபிஐ என மூன்று ரெக்கார்டுகள் (தரவை ஏந்தும் எளிய கிளாஸ்கள்) இருப்பதாகக் கொள்வோம். சப்கிளாஸ் முறையில் ரசீது, வரி, தள்ளுபடி என்று புதிய வேலை வரும்போதெல்லாம் மூன்று கிளாஸ்களையும் திறக்க வேண்டும். ஸ்விட்சில் ஒரு வேலை முழுவதும் ஓரிடத்தில் இருக்கும். நாளை காசோலையைச் சேர்த்தால், டீஃபால்ட் (எந்தக் கேஸிலும் சேராதவற்றுக்கான கிளை) இல்லாத ஸ்விட்ச் ஒவ்வொன்றையும் கம்பைலரே பிழையாகக் காட்டும். டீஃபால்ட் எழுதியிருந்தால் காசோலை சத்தமில்லாமல் அதற்குள் போய்விடும். எந்த எச்சரிக்கையும் வராது. இதை நீங்களே தட்டச்சு செய்து, அந்தப் பிழைச் செய்தியைக் கண்ணால் பாருங்கள். சீல்டு எதற்காக வந்தது என்பது அப்போது விளங்கும். வகைகளைப் பிறரும் சேர்க்க வேண்டிய நூலகமாக இருந்தால் சப்கிளாஸ்தான் சரி.

தேர்வுக்கு முந்தைய இரவு பார்க்க வேண்டியவை:

- ஸ்விட்சில் பொது வகையின் கேஸ் மேலே, அதன் உட்பிரிவின் கேஸ் கீழே என்றால் கம்பைல் ஆகாது. மேலே உள்ளதில் வென் (when) நிபந்தனை இருந்தால் ஆகும்.
- வென் போட்ட கேஸ் எல்லா வகைகளும் கையாளப்பட்டனவா என்ற முழுமைக் கணக்கில் பொதுவாகச் சேராது.
- கேஸ் நல் (null, மதிப்பின்மை) இல்லாத ஸ்விட்சுக்கு நல் வந்தால் நல்பாயிண்டர் எக்செப்ஷன்.
- இன்ஸ்டன்ஸ்ஆஃப் கொடுத்த மாறியை அடுத்து வரும் இரட்டை ஆம்பர்சாண்டுக்குப் பின் பயன்படுத்தலாம், இரட்டைக் குழாய்க் குறிக்குப் பின் முடியாது.
- சீல்டு கிளாஸை நேரடியாக எக்ஸ்டெண்ட் செய்யும் கிளாஸ் ஃபைனல், சீல்டு, நான்-சீல்டு ஆகியவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். ரெக்கார்டு தானாகவே ஃபைனல்.

ரெக்கார்டு பேட்டர்னுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். பெட்டி என்ற ரெக்கார்டுக்குள் ஒரு ஸ்ட்ரிங் புலம். உள்ளே ஸ்ட்ரிங் என்றே எழுதிய பேட்டர்ன், அந்தப் புலத்தின் மதிப்பு null என்றாலும் பொருந்தும். பெட்டியே null என்றால் பொருந்தாது. இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால் மறக்காது.

மாதிரித் தேர்வு வாங்கும்போது பதிப்பைக் கவனியுங்கள். ஸ்விட்ச் பேட்டர்னும் ரெக்கார்டு பேட்டர்னும் ஜாவா 21-இல்தான் உறுதியாயின. 17-இல் ஸ்விட்ச் பேட்டர்ன் வெறும் முன்னோட்டம். பெயருக்குப் பதில் அடிக்கோடு இடும் பேட்டர்ன் 21-இலும் முன்னோட்டமே, 22-இல்தான் நிலைபெற்றது. அதைச் சாதாரணமாகப் பயன்படுத்தும் 21 வினாத்தொகுப்பு கண்ணில் பட்டால் ஒதுக்கிவிடுங்கள்.