மருந்தடிக்கும் முன் ஓலையைத் திருப்பிப் பாருங்கள்

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி பக்கம் தென்னந்தோப்புகளில் கீழ்மட்டை எல்லாம் கரி பூசியது போலக் கிடக்கிறது. எல்லாம் சுருள் வெள்ளை ஈ செய்யும் வேலை. மத்திய அமெரிக்கச் சரக்கு. 2016ல் பொள்ளாச்சியில் தென்பட்டது, இப்போது நம் கடற்கரை வரை வந்துவிட்டது. ஓலைக்கு அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். அது விடும் பிசுபிசுப்பான கழிவில்தான் கரும்பூசணம் படர்கிறது.

மருந்தடிக்க ஆள் தேடும் சித்தப்பாமார்களே, கொஞ்சம் பொறுங்கள். ஓலையடியில் வெள்ளைக் குஞ்சுகளுக்கு நடுவே கறுத்துப்போனவை தெரிகிறதா? உள்ளே என்கார்சியா என்ற குட்டிக் குளவியின் புழு, அந்தக் குஞ்சைத் தின்று வளர்கிறது. (பயப்படாதீர்கள், கொட்டாது. கண்ணுக்கே சரியாகத் தெரியாது.) விஷம் அடித்தால் அதுவும் செத்துப்போகும். அந்த ஓலைத்துண்டை வெட்டி, குளவி இல்லாத மரத்தில் கட்டிவிடுங்கள்.

அப்புறம் அந்தக் கரி? லிட்டருக்கு 25 கிராம் மைதா, பசையாகக் காய்ச்சித் தெளித்தால் காய்ந்து உரிந்துவிடும். பரோட்டாவுக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.