டூப்ளிகேட் லெகோ மினிஃபிகர்: கழுத்து எழுத்தோடு நின்றுவிடாதீர்கள்

தலைக்கவசம், வாள், துப்பாக்கி இவற்றைக் கணக்கில் எடுக்காவிட்டாலும் லெகோவின் குட்டி மனித பொம்மையான ஒரு மினிஃபிகரில் 9 துண்டுகள் உண்டு. தலை ஒன்று, உடல் ஒன்று, கை இரண்டு, உள்ளங்கை இரண்டு, இடுப்பு ஒன்று, கால் இரண்டு. "இது ஒரிஜினலா?" என்று மொத்தமாகக் கேட்டால் ஏமாறத்தான் வேண்டும். ஒவ்வொரு துண்டையும் தனியாகக் கேட்க வேண்டும், அதுவும் இரண்டு முறை: பிளாஸ்டிக் ஒரிஜினலா, மேலே உள்ள பிரிண்ட் ஒரிஜினலா?

முதலில் பிளாஸ்டிக். தலையைக் கழற்றுங்கள். கழுத்துக் குமிழின் உச்சியில் ஆங்கிலத்தில் லெகோ என்று மேடாக எழுதியிருக்கும். எழுத்து பொடிசு, பிளாஸ்டிக்கின் நிறமேதான். நேர் மேலிருந்து ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒன்றும் தெரியாது. அறை விளக்கை அணைத்துவிட்டு ஃபோன் டார்ச்சைக் கழுத்துக்குப் பக்கவாட்டில், கிடையாகப் பிடியுங்கள். எழுத்தின் நிழல் விழும். கால், இடுப்பு, தலைக்கவசத்தின் உட்புறம் என்று மற்ற துண்டுகளிலும் பொடி எழுத்துகள் உண்டு. ஆனால் அச்சு எந்த வருடத்தையது என்பதைப் பொறுத்து அவற்றின் இடம் மாறும், அதனால் ஒரு துண்டில் மட்டும் தேடிக் கிடைக்கவில்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மலிவு டூப்ளிகேட்டில் கழுத்து மொழுமொழுவென்று இருக்கும்.

அடுத்தது அளவு. லெகோ குமிழின் விட்டம் 4.8 மி.மீ., உள்ளங்கை பிடிக்கிற கம்பி 3.18 மி.மீ. வெர்னியர் இல்லாவிட்டால் கவலையில்லை, ஒரிஜினல் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு லைட்சேபர் (ஸ்டார் வார்ஸ் பொம்மைகளின் ஒளிவாள்) கம்பியே அளவுகோல். அதை உள்ளங்கையில் செருகிப் பொம்மையைத் தலைகீழாகப் பிடித்து லேசாகக் குலுக்குங்கள். ஒரிஜினல் கை விடாது, செருகும்போது முரண்டும் பிடிக்காது. டூப்ளிகேட்டில் ஒன்று கம்பி நழுவும், அல்லது இறுகிப்போய், அழுத்தினால் பொம்மையின் உள்ளங்கை ஓரம் வெளுக்கும். வெளுத்தால் உடனே நிறுத்துங்கள், அடுத்த அழுத்தத்தில் கை பிளந்துவிடும்.

டார்ச்சைத் தலையின் பின்னால் வைத்தும் பாருங்கள். சன்னமான மலிவுப் பிளாஸ்டிக்கில் வெளிச்சம் தாராளமாக ஊடுருவும். அதே நிறத்தில் ஒரு ஒரிஜினல் தலையைப் பக்கத்தில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும், ஒற்றைத் தலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இவ்வளவிலும் தேறிவிட்டால் பிளாஸ்டிக் ஒரிஜினல். பெரிய பணம் போவது இதற்குப் பிறகுதான். ஒரிஜினல் துண்டுகளை மலிவாக வாங்கி, அபூர்வ பொம்மையின் சித்திரத்தை அவற்றின் மேல் அடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். கழுத்தில் எழுத்து இருக்கும், அளவு மில்லிமீட்டர் பிசகாது. 2003-ல் வந்த கிளவுட் சிட்டி என்ற ஸ்டார் வார்ஸ் செட்டின் (எண் 10123) போபா ஃபெட் பொம்மை இதற்குச் சரியான உதாரணம். அதற்குக் கைகளிலும் கால்களிலும் பிரிண்ட் உண்டு. 2000-ல் வந்த சாதாரண போபா ஃபெட்டுக்குக் கிடையாது. விலையில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. சாதாரணத்தில் கையையும் காலையும் மட்டும் அச்சடித்தால் போதும் என்று எவருக்கும் தோன்றுமே!

பிரிண்ட்டைப் பார்க்க நகைக்கடையில் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் வேண்டும். லெகோ செய்வது பேட் பிரிண்டிங். மெத்தென்ற சிலிக்கான் திண்டு மையை ஒற்றி எடுத்துவந்து பிளாஸ்டிக்கில் பதிக்கும், ஒரு நிறத்துக்கு ஒரு ஒற்று. லென்ஸில் ஒவ்வொரு நிறமும் ஒரே சீராக, புள்ளியில்லாமல் நிரம்பியிருக்கும். வீட்டுத் தொழிலாக அடிப்பவர்கள் பெரும்பாலும் யூவி இன்க்ஜெட் மெஷினில் அடிக்கிறார்கள். அதில் நிறங்கள் பொடிப் புள்ளிகளாகக் கலந்திருக்கும், கோடுகளின் ஓரம் ரம்பப் பல் போல இருக்கும், நகத்தால் மெல்லத் தடவினால் மை மேடு தட்டும். கை போன்ற வளைந்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இன்க்ஜெட்டின் மை மேலிருந்து நேராக விழுவதால், வளைவு கீழே இறங்கும் ஓரத்தில் படம் மங்கிச் சிதறும்.

பிரிண்ட் அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருப்பதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள். ஒரிஜினலிலும் தள்ளி விழும். கறுப்பு உடலில் அடித்த தோல் நிறம் மங்கலாகத் தெரிவதும் ஒரிஜினலில் உள்ள பழைய குறைதான். உடலின் கீழ்ப்பக்க ஓரத்தில் மயிரிழை விரிசலும் அப்படியே.

பழைய பொம்மைகளில் நிறமே சாட்சி சொல்லும். 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறங்களை மாற்றியது. பழையதில் லேசான மஞ்சள் சாயல், புதியதில் நீலச் சாயல். பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாள் மேல் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும், மஞ்சள் பல்பின் கீழ் தெரியாது. 2003 பொம்மை என்று விற்கிறவர் நீலச் சாம்பல் கால் காட்டினால், அந்தக் கால் பிற்பாடு வந்து சேர்ந்தது. தோல் நிறத்தையும் பாருங்கள். அதே கிளவுட் சிட்டி செட்டில் லாண்டோ என்ற பாத்திரத்துக்கு மட்டும்தான் பழுப்புத் தோல், லூக், லேயா, ஹான் மூவரும் மஞ்சள் முகம்.

2013-ல் மினிஃபிகர் பத்தாம் சீரிஸில் 5000 மட்டும் வெளியிட்ட மிஸ்டர் கோல்ட் என்ற தங்க நிறப் பொம்மையைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. சில நூறு ரூபாய்க்கு வந்தால் என்னவென்று உங்களுக்கே தெரியும்.

அசிட்டோன் தடவிப் பார்க்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள். லெகோவின் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கும் அசிட்டோனில் கரையும். ஒரிஜினலைக் கெடுத்த பிறகு அது ஒரிஜினல் என்று தெரிந்து என்ன பயன்?

ஆன்லைனில் வாங்கும்போது விற்பவரிடம் ஐந்து படம் கேளுங்கள்: பக்கவாட்டு வெளிச்சத்தில் தலை கழற்றிய கழுத்து, உடலின் முதுகு, இரண்டு கைகளும் வெளிப்பக்கம் தெரிய, பாதத்தின் அடி, கவசத்தின் உள். இணையத்தில் எடுத்த பளபளப்புப் படத்தை மட்டும் அனுப்பினால் அங்கேயே விட்டுவிடலாம். ஐந்தும் வந்தால், லெகோ துண்டுகள் வாங்கி விற்கும் பிரிக்லிங்க் தளத்தின் கேட்டலாகில் அந்தப் பொம்மையின் துண்டுப் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். உடல் மட்டும் போலி, மீதி எல்லாம் சரி என்று தெரிந்தால் வேண்டாம் என்று சொல்ல அவசியமில்லை. மீதித் துண்டுகளின் விலையைத் தனித்தனியே கூட்டி, அந்தத் தொகையைச் சொல்லிக் கேளுங்கள்.