சார்புப் பாதை: கணக்குக்கு முன்பே நடக்கும் தவறுகள்

இரண்டு முழுப் பாதைகள் இருந்தால் சார்புப் பாதை (ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் வழி) எடுப்பது ஒரு வரி வேலை. பைத்தானில் ஓஎஸ்.பாத்.ரெல்பாத், நோடில் பாத்.ரிலேட்டிவ். இரண்டையும் சாய்கோட்டில் பிரித்து, முன்பக்கம் ஒத்துப்போகும் ஃபோல்டர்களைக் கழிக்கும். புறப்படும் பக்கம் மிஞ்சிய ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு ‘..’ (ஒரு படி மேலே) போடும். சேரும் பக்கம் மிஞ்சியதை அப்படியே பின்னால் ஒட்டும்.

/வலை/பதிவுகள்/மார்கழி/முதல்.எச்டிஎம்எல் என்ற பக்கத்திலிருந்து /வலை/படங்கள்/வாசல்.பிஎன்ஜி வேண்டுமென்றால் விடை ../../படங்கள்/வாசல்.பிஎன்ஜி. ஆனால் பக்கத்தின் ஃபைல் பாதையையே தொடக்கமாகக் கொடுத்தால் மூன்று ‘..’ வரும். ரெல்பாத்துக்குத் தொடக்கம் என்றால் ஃபோல்டர்தான். முதலில் டிர்நேம் போட்டு ஃபைல் பெயரை நீக்க வேண்டும். இந்தப் பிழை உடனே மாட்டாது என்பதுதான் தொல்லை. வலை ஃபோல்டரே டொமைனின் வேராக இருந்தால், வேரைத் தாண்டும் ‘..’-களை பிரவுசர் கண்டுகொள்ளாது, படமும் தெரியும். அதே தளத்தை /சோதனை/ என்ற துணை ஃபோல்டருக்கு மாற்றிப் பாருங்கள், வரிசையாக 404. தொடக்கத்தைக் கொடுக்காமலே விட்டால் ஸ்கிரிப்ட் ஓடும் நடப்பு ஃபோல்டரை எடுத்துக்கொள்ளும். நேரம் குறித்து ஸ்கிரிப்டை ஓட்டும் கிரானில் அது வேறாக இருக்கும்.

இதைவிடப் பொல்லாதது சிம்லிங்க், அதாவது வேறோர் இடத்தைச் சுட்டும் பெயர். ரெல்பாத் டிஸ்க்கைத் தொட்டுப் பார்ப்பதில்லை, வெறும் எழுத்துக் கணக்கு. /தளம்/நடப்பு என்பது /தளம்/வெளியீடுகள்/12-க்கு ஒரு சிம்லிங்க் என்று வையுங்கள். அங்கிருந்து /தளம்/பொது-வுக்கு ரெல்பாத் தருவது ../பொது. இயங்குதளத்தின் கெர்னலோ சிம்லிங்க்கைப் பின்தொடர்ந்து போனபிறகுதான் ‘..’ ஏறும்; போய் நிற்பது /தளம்/வெளியீடுகள்/பொது, அப்படி ஒன்றே இல்லை. இரண்டு பக்கமும் ரியல்பாத் போட்டு, சிம்லிங்க் இல்லாத உண்மைப் பாதையாக்கியபின் கணக்கிட்டால் ../../பொது என்று சரியாக வரும். ஒரு பக்கம் மட்டும் போடுவது போடாததைவிட மோசம்: மேக்கில் /டிஎம்பி என்பதே /பிரைவேட்/டிஎம்பி-க்குச் சிம்லிங்க், ஆகவே பொதுப் பகுதியே ஒத்துப்போகாது. சேருமிடமே சிம்லிங்க்காக இருந்து அந்தப் பெயரையே காக்க வேண்டுமானால், அதன் தாய் ஃபோல்டருக்கு மட்டும் ரியல்பாத் போட்டுப் பெயரைப் பின்னால் சேருங்கள்.

விண்டோஸில் சி டிரைவிலிருந்து டி டிரைவுக்குச் சார்புப் பாதையே கிடையாது. பைத்தான் வேல்யூஎரர் எறியும். நோடு சத்தமில்லாமல் முழுப் பாதையைத் திருப்பித் தரும். பைத்தான் நடத்தைதான் நல்லது. விண்டோஸில் எடுத்த பாதையை ஜேசான் ஃபைலில் எழுதி லினக்ஸில் படிக்கப் போகிறீர்கள் என்றால், பைத்தானின் பாத்லிப் நூலகத்திலுள்ள ஆஸ்_போசிக்ஸ் வழியாக முன்சாய்கோட்டோடு எழுதுங்கள். பின்சாய்கோடு லினக்ஸில் ஃபைல் பெயரின் ஒரு எழுத்து, அவ்வளவுதான்.

பாத்லிப்பின் ரிலேட்டிவ்_டு, சேருமிடம் தொடக்க ஃபோல்டருக்குள் இல்லாவிட்டால் பிழை காட்டும். மேலேறும் ‘..’ வேண்டுமானால் பைத்தான் 3.12 முதல் அதற்கு வாக்_அப் என்ற தேர்வு உண்டு. பொதுப் பகுதி தேட காமன்ப்ரிஃபிக்ஸ் பக்கம் போகாதீர்கள். அது எழுத்தெழுத்தாக ஒப்பிடும்: /வலை/படம், /வலை/படங்கள் இரண்டுக்கும் ‘/வலை/பட’ என்று தரும். காமன்பாத் தான் ஃபோல்டர் கணக்கு.

தமிழில் ஃபோல்டர் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொன்று. ‘கோலம்’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, ஒப்பீட்டில் வேறு. கோலம் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும் ஃபைலுக்கு ../கோலம்/ என்று விடை வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.