செட்டிநாட்டுச் செம்மண்ணில் நார்ப்பயிர்: ஆளியா, சணப்பா?

புதுக்கோட்டை தாண்டி, திருமயம் கோட்டையைக் கடந்தால் மண் சிவக்கத் தொடங்கும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், காரைக்குடி என்று போகப் போகச் சரளை, பனை, வேலிக்கருவை, இடையிடையே கண்மாய். இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் வீடு பார்க்க வருகிறார்கள். ஆத்தங்குடிக் கல்லையும் பர்மா தேக்கையும் பார்த்து, ராத்திரி கோழி வறுவலோடு திரும்பிவிடுவார்கள். வீட்டை விட்டு வயல் பக்கமும் தறிப் பக்கமும் போனால் வேறொரு கேள்வி எழும். லினன் சட்டைத் துணி விற்கிற விலையில், கண்டாங்கிச் சேலை நெய்கிற ஊரிலேயே, லினனுக்கு நார் தரும் ஆளியை விதைத்து நூலெடுத்தால் என்ன?

எடுக்கலாம் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. மளிகைக் கடையில் கிடைக்கும் ஆளிவிதை எண்ணெய்க்கான ரகம். குட்டையாக, கிளைத்து வளரும். நார் வேரிலிருந்து கிளை பிரியும் இடம்வரைதான் ஒரே நீளமாக ஓடும். கிளை அதிகமானால் நாரின் நீளம் போச்சு. துணிக்கான ரகம் 80 முதல் 120 சென்டிமீட்டர்வரை ஒற்றைத் தண்டாக நிற்கும். அப்படி நிற்க, சதுர மீட்டருக்கு 1500 முதல் 2000 செடி நெருக்கமாக இருக்கவேண்டும். பிரான்சின் நார்மண்டியில் மார்ச், ஏப்ரலில் விதைத்து ஜூலையில் பிடுங்குகிறார்கள். அறுப்பதில்லை, வேரோடு பிடுங்குவார்கள். அறுத்தால் அடிநார் வீண். அந்த நூறு நாளும் குளிர்ச்சி வேண்டும். காரைக்குடியில் மார்கழிப் பகலே 30 டிகிரியை ஒட்டி நிற்கும். செடி அவசரமாகப் பூத்து, முழங்கால் உயரத்தில் நின்றுவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் அறுவடைக்குப் பிறகுதான். நார்மண்டியில் பிடுங்கிய தண்டை வயலிலேயே பரப்பி, வாரக்கணக்கில் பனியிலும் மழையிலும் கிடக்க விடுகிறார்கள். பூஞ்சை வந்து நாரைப் பிணைத்திருக்கும் பசையைத் தின்னும். இந்தச் செம்மண்ணில் காய்ந்த தண்டை அப்படிக் கிடத்திப் பாருங்கள், பூஞ்சைக்கு முன்னால் கரையான் வந்துவிடும்.

ஆகவே இந்த மண்ணுக்கு எங்கள் ஓட்டு சணப்புக்கு. நெல்லுக்கு முன்னால் பசுந்தாள் உரமாக விதைத்து மடக்கி உழுகிறார்களே, அதே மஞ்சள் பூச் செடிதான். உரத்துக்கு 45 முதல் 60 நாளில் உழுதுவிடுவார்கள். நாருக்கு 90 நாள்போல விட்டு, பிஞ்சுக் காய் பிடிக்கும்போது அறுக்கவேண்டும். காய் முற்றினால் நார் முரடாகும். ஏக்கருக்கு வரிசை விதைப்பென்றால் 10 முதல் 12 கிலோ, வீசி விதைத்தால் 15 கிலோ. வரிசைக்கு வரிசை ஓரடி. தழைச்சத்து உரம் தேவையில்லை, வேர் முடிச்சே பார்த்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கினால் மட்டும் செடி தாங்காது. குருத்துப் புழு நுனியைக் குடைந்தால் அந்த இடத்தில் கிளைத்துவிடும், நாரும் அங்கேயே அறுபடும்.

அறுத்த தண்டை இரண்டு மூன்று நாள் வயலில் போட்டு இலையை உதிரவிட்டுக் கட்டாகக் கட்டி, நாரைப் பிணைக்கும் பசை கரையத் தண்ணீரில் ஊறவைக்கவேண்டும். அடித்தண்டு தடிமன் என்பதால், முதலில் ஒரு நாள் அடிப்பக்கம் மட்டும் தண்ணீரில் நிற்கட்டும். பிறகு முழுக் கட்டையும் அமுக்கலாம். வெதுவெதுப்பான நீரில் 4 முதல் 6 நாளில் பதம் வரும். மூன்றாம் நாளிலிருந்தே காலை மாலை ஒரு தண்டை எடுத்து அடியில் பட்டையைக் கிள்ளி இழுத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைக் குச்சி வழுக்கிக்கொண்டு நுனிவரை தனியே வந்தால் பதம். பாதியில் ஒட்டினால் இன்னும் ஊறவேண்டும். ஒரு நாள் அதிகமானாலோ நார் கையில் பிய்யும். அதற்கு மருந்து கிடையாது.

எங்கே ஊறவைப்பது? ஊருணி என்ற பேச்சுக்கே இடமில்லை, அது குடிநீர். கண்மாயும் வேண்டாம். ஊறல் நீர் உயிர்க்காற்றை உறிஞ்சி மீனைச் சாகடிக்கும், நாற்றம் ஊரைத் தூக்கும். நாட்டுக்கருவேலம் நிற்கும் கண்மாயில் இன்னொரு கேடும் உண்டு. உதிரும் காயின் துவர்ப்பும் மண்ணின் இரும்பும் சேர்ந்தால் நார் கருத்துவிடும். சேற்றைப் போட்டு அமுக்கினாலும் இதே கதி. சிமென்ட் தொட்டிதான் சரி. 100 கிலோ தண்டுக்கு 1500 முதல் 2000 லிட்டர் பிடிக்கும். கிடைப்பது நாலைந்து கிலோ நார். நன்றாக விளைந்த ஏக்கருக்கு 300 முதல் 400 கிலோ நார் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், செலவு விதையிலா தண்ணீரிலா என்று புரியும். பழைய நீரில் கால்பங்கை விட்டுவைத்தால் அடுத்த ஊறல் வேகமாகும், நீரும் மிச்சம். பச்சையிலேயே பட்டையை உரித்து அதை மட்டும் ஊறவைத்தால் தண்ணீர் வெகுவாகக் குறையும், ஆள்கூலி கூடும். மழை பொய்க்கிற வருடத்தில் கூலி கொடுப்பதே மேல். கழிவு நீரை நல்ல நீரோடு கலந்து தென்னைக்கு விடலாம்.

உரித்த நாரை நீரில் அடித்து அலசி, மூங்கில் கழியில் இரண்டு மூன்று நாள் உலர்த்திச் சீப்பிட்டால் நீளநார் தனி, சிம்பு எனும் குட்டைநார் தனி. சிம்பு கயிற்றுக்குப் போகும். நீளநாரை விரலை நனைத்துத்தான் நூற்கவேண்டும். அப்படியும் லினன்போல மெல்லிய நூல் வராது. அதனால் பாவுக்கு (நீளவாட்டு நூல்) பருத்தி, ஊடைக்கு (குறுக்கு நூல்) சணப்பு என்று போடுவதே நடைமுறை. சேலைக்கு ஆசைப்படவேண்டாம், பை, திரை, விரிப்புக்கு அருமையான துணி. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கியைப் பருத்தியிலேயே விட்டுவிடலாம்.

தறியில் ஒரே கவனம், ஈரம். சித்திரை மதியத்தில் தண்டுநார் நூல் மொடமொடவென்று உடையும். ஊடை நூல் சுற்றிய தார்க் குச்சிகளை ஈரத் துணியில் சுற்றி வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, தறியில் குறுக்கே ஓடும் நாடாவில் போடவேண்டும். பாவில் வழக்கமான கஞ்சி போதும்.