கப்பலில் ஏறும் ரயில்: ரோமிலிருந்து சிசிலிக்கு

ரோமிலிருந்து சிசிலிக்கு நேராகப் போகும் இன்டர்சிட்டி என்ற தொலைதூர ரயிலில் டிக்கெட் எடுத்ததும் பார்க்க வேண்டியது பெட்டி எண். ஒரே வண்டியாகப் புறப்பட்டாலும், கடலைக் கடந்து சிசிலித் தீவில் இறங்கும் துறைமுகமான மெஸ்ஸினாவில் அது இரண்டாகப் பிரியும். செஃபலூ, பலேர்மோ போகிறவர்களுக்கு ஒரு பாதி. தவோர்மினா, கத்தானியா, சிராகூசா போகிறவர்களுக்கு மறுபாதி. காலியாக இருக்கிறதே என்று வேறு பெட்டியில் போய்ப் படுத்துத் தூங்கினால் கண்விழிப்பது தீவின் வேறொரு கரையில்தான்.

இரவு வண்டியில் நான்கு பெர்த் கொண்ட கூபே போதும். பெண்களுக்கு மட்டுமான கூபேயும் கேட்டு வாங்கலாம். பகல் வண்டியானால் நேப்பிள்ஸைத் தாண்டியபின் கடல் வலப்பக்கம் வரும், ஜன்னலை அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள். சாப்பாடும் தண்ணீரும் கையோடு இருக்கட்டும்.

தீவுக்கு எதிர்க்கரையில், ரயில் கப்பலில் ஏறும் இடமான வில்லா சான் ஜோவான்னியில்தான் வேடிக்கை. கப்பலின் நீளத்துக்குள் முழு ரயிலும் அடங்காது. அதனால் எஞ்சினைக் கழற்றி, பெட்டிகளைத் துண்டாக்கி, ஷண்டிங் எஞ்சினால் கப்பலுக்குள் இருக்கும் தண்டவாளங்களில் பக்கம் பக்கமாகத் தள்ளுவார்கள். முன்னே போகும், நிற்கும், பின்னே வரும். பழுதோ என்று பயப்பட வேண்டாம். எஞ்சின் கழன்றதும் சில சமயம் ஏசி நின்றுவிடும், கோடையில் புழுங்கும். கடலைக் கடக்க அரை மணிதான்; ஏற்றி இறக்கும் வேலையையும் சேர்த்தால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம்.

பெட்டிகள் உள்ளே நின்றதும் மேல்தளத்துக்குப் போகலாம். பாஸ்போர்ட்டும் பணமும் உடம்போடு இருக்கட்டும். இறங்குமுன் பெட்டி எண்ணையும், ஏறும் படிக்கட்டையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது எல்லாப் பெட்டியும் ஒன்றுபோலவே தெரியும், நடுவில் இருக்கும் சந்தோ குறுகல். மேலே பாரில் அரஞ்சினோ கிடைக்கும்: சோற்றை உருட்டி, உள்ளே கறி வைத்துப் பொரித்தது. சைவம் என்றால் கேட்டு வாங்குங்கள். மெஸ்ஸினா துறைமுக வாயிலில் உயரத் தூணில் தங்க நிற மாதா சிலை தெரிந்ததும் கீழே இறங்கிவிட வேண்டும்.

மெஸ்ஸினாவுக்குப் பிறகு பலேர்மோ பக்கம் போகிறவர்களுக்குக் கடல் வலப்புறம், கத்தானியா பக்கம் போகிறவர்களுக்கு இடப்புறம்.

அவசரக்காரர்கள் அதிவேக ரயிலில் வில்லா சான் ஜோவான்னி வரை வந்து, படகில் நீரிணையைக் கடந்து, மெஸ்ஸினாவில் உள்ளூர் ரயில் பிடிக்கிறார்கள். நேரம் மிச்சமாகும். ஆனால் டிக்கெட்டுகளைத் தனித்தனியாக வாங்கியிருந்தால், முதல் ரயில் தாமதமாகி அடுத்ததைத் தவறவிடும்போது அந்தச் செலவு உங்கள் தலையில்தான். இடையில் ஒரு மணி நேரமாவது விட்டு எடுங்கள்.