றகுமானா, இரகுமானா?

தாத்தாவின் தகரப்பெட்டியில் குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல் புத்தகம் ஒன்று இருந்தது. முகப்புத் தாள் இல்லை, தொட்டால் ஓரம் உதிரும். தொண்டிக்குப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்த சூஃபி அவர். அவரும் பராபரக்கண்ணி, அதாவது ‘பராபரமே’ என்று முடியும் ஈரடிக் கண்ணிகள், பாடியிருக்கிறார், அவருக்கு முன்பே தாயுமானவரும் பாடியிருக்கிறார். தாயுமானவர் அடங்கிய இடமோ இங்கிருந்து ஒரு பஸ் தூரத்தில், ராமநாதபுரத்தில். இருவர் பாடலையும் ஒரே புத்தகமாகப் போட வேண்டும் என்றுதான் காரைக்குடியில் நாங்கள் நான்கு பேர் அறக்கட்டளை தொடங்கினோம். லாப நோக்கம் கிடையாது.

முதல் தடங்கல் பத்திரத்திலேயே வந்தது. நோக்கம் என்ற இடத்தில் ‘இஸ்லாமிய ஆன்மிக நூல்களை முஸ்லிம் மக்களுக்கு வெளியிடுதல்’ என்று எழுதியிருந்தோம். பதிவுக்குப் போகும் முன் ஆடிட்டர் நிறுத்தினார். ஒரு மதத்தாருக்கு மட்டும் என்று எழுதினால் நன்கொடையாளருக்கு 80ஜி வரிச்சலுகை கிடைக்காதாம். ‘எல்லா மக்களும் படிக்க, எல்லாச் சமயத்து ஞான இலக்கியமும்’ என்று மாற்றினோம். சட்டத்துக்காக மாற்றியதுதான். ஆனால் நாங்கள் செய்ய நினைத்ததும் அதுதானே, முதலிலேயே ஏன் அப்படி எழுதவில்லை என்று எனக்கு வருத்தமாக இருந்தது. இதுபோல் தொடங்குகிறவர்கள் நோக்கப் பகுதியை மட்டும் நாலு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பிழை திருத்தம்தான் நாள்களை விழுங்கியது. எனக்குப் பள்ளியில் தமிழ் சொல்லித்தந்த ஐயாவும், இளையான்குடியிலிருந்து வந்த மார்க்க அறிஞரான ஹஜ்ரத் ஒருவரும் ஐயா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தார்கள். பழைய புத்தகத்தில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், சந்தி பிரிப்பதே பெரும்பாடு. அதோடு ‘றகுமான்’ என்ற சொல், அருளாளன் என்று இறைவனைக் குறிக்கும் அரபுச் சொல். கண்ணிக்குக் கண்ணி வருகிற சொல் அது. தமிழில் ற சொல்லுக்கு முதலில் வராது என்று ஐயா எல்லாவற்றையும் ‘இரகுமான்’ ஆக்கிவிட்டார். ஹஜ்ரத் அதை அடித்து ‘ரஹ்மான்’ என்று எழுதினார். புரூப் முழுக்கச் சிவப்பு.

நான் பழைய புத்தகத்தில் உள்ளபடியே இருக்கட்டும் என்றேன். தமிழ் முஸ்லிம்கள் றகுமான், றசூல் என்று ற போட்டே அச்சடித்து வந்தார்கள், அதை அழிக்க நாம் யார் என்று கேட்டேன். ஐயா பதில் சொல்லவில்லை. கண்ணியை வாய்விட்டுப் பாடிப் பார்த்தார். இரகுமான் என்றால் ஓர் எழுத்துக் கூடி ஓசை இடறியது. மறுபடி பாடினார். “தம்பி, அவர் எழுதினபடியே போடு. ஹஜ்ரத், நீங்க என்ன சொல்றீங்க?” ஹஜ்ரத் சிரித்தபடி தலையாட்டினார். அந்த ஒரு சொல்லுக்கு மூன்று நாள் போனது. போனது நல்லதுக்குத்தான் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. ஐஎஸ்பிஎன் என்ற, புத்தகத்துக்கான அடையாள எண்ணை வாங்கித்தருகிறேன் என்று ஒருவர் பணம் கேட்டார், கொடுக்காதீர்கள். ராஜா ராம்மோகன் ராய் பெயரில் உள்ள தேசிய முகமை இணையத்திலேயே இலவசமாகத் தருகிறது. 13 இலக்க எண், பின்னட்டையில் பார்கோடாகவும் போட்டோம். சிவகாசியில் 500 பிரதி அச்சடித்தோம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உட்பட இன்னும் மூன்று பொது நூலகங்களுக்கும் நம் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். நான்கு பார்சலையும் நானே கட்டினேன்.

ற பற்றிய குறிப்பை முன்பக்கத்தில் ஐயாவே எழுதிக் கொடுத்தார். புத்தகம் வந்த அன்று ஹஜ்ரத் முதலில் புரட்டிப் படித்தது அதைத்தான்.