அசிட்டிக் அமிலம் – கரி பரப்புகவர்தல் செய்முறை: மார்க் போகும் இடங்கள்

கரி தன் பரப்பில் எவ்வளவு அமிலத்தைப் பிடிக்கிறது என்று அளக்கும் இந்தச் செய்முறையில் கணக்கு முழுக்க, கரி போடுமுன்னும் போட்டபின்னும் செய்யும் இரண்டு தரம்பார்த்தல்களின் (காரம் சேர்த்து அமிலச் செறிவை அளப்பது) வித்தியாசத்தில் நிற்கிறது. 0.200 நார்மல் (செறிவின் அலகு) அமிலம் 50 மில்லியில் 1 கிராம் கரி போட்டபின் செறிவு 0.176 ஆனது என்று வைத்துக்கொள்வோம். 10 மில்லி வடிநீருக்கு 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 17.6 மில்லி ஆகும். இதில் 0.1 மில்லி பிசகுவது அரை சதவீதச் சொச்சம்தான். ஆனால் செறிவில் குறைந்த அளவே 0.024 என்பதால் அங்கே அது 4 சதவீதப் பிழையாக உட்காரும்.

ஆகவே கரியை 110 டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்தி, டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) ஆறவிட்டு எடையிடுங்கள். ஈரக்கரியில் எடையும் பொய், அமிலமும் நீர்த்துப்போகும். எல்லா பாட்டிலிலும் சரியாக 1 கிராம் இருக்க வேண்டியதில்லை. இருக்கிற எடையை அப்படியே குறித்து, கவரப்பட்ட அமில எடையை அதால் வகுத்தால் போதும். 0.5 நார்மல் அமிலத்தில் 50, 40, 30, 20, 10 மில்லி எடுத்து, மொத்தம் 50 மில்லி ஆகும்படி நீர் சேருங்கள். மூடி, அரை மணி நேரம் ஒரே மாதிரி குலுக்குங்கள்.

வடிதாளும் கொஞ்சம் அமிலத்தைப் பிடிக்கும். அதனால் முதல் 10 மில்லி வடிநீரைக் கொட்டிவிட வேண்டும். வடிநீர் சாம்பல் நிறமாக இருந்தால் கரித்தூள் தப்பி வந்திருக்கிறது, மறுபடி வடிகட்டுங்கள். அந்தத் தூள் காரம் விழ விழத் தான் பிடித்த அமிலத்தை விட்டுக்கொண்டே இருக்கும், நிறங்காட்டியான பினாப்தலீனின் ரோஜா நிறம் வந்து வந்து மறையும், முடிவுநிலை கிடைக்கவே கிடைக்காது.

ஒரு கிராம் கரி கவர்ந்த அமில எடையின் லாக்கை, மிஞ்சிய செறிவின் லாக்குக்கு எதிரே வரையும் வரைபடத்தில்தான் நன்றாகச் செய்தவர்களும் சறுக்குகிறார்கள். மேலே சொன்ன பாட்டிலில் கவரப்பட்டது 0.024 × 0.05 லிட்டர் × 60 (அசிட்டிக் அமிலத்தின் சமான எடை) = 0.072 கிராம். அதன் லாக் –1.143, செறிவின் லாக் –0.754. இரண்டுமே எதிர்மதிப்பு. அப்படியானால் செறிவு லாக் பூச்சியமாகும் அச்சு, புள்ளிகளுக்கு வலப்பக்கம் இருக்கும். கோட்டை அதுவரை நீட்டி வெட்டுத்துண்டைப் படியுங்கள். தாளின் இடது ஓரத்தில் படித்தால் அதிலிருந்து வரும் ஃப்ராய்ன்ட்லிக் மாறிலி (கரியின் கவரும் திறனைக் காட்டும் எண்) தப்பாகிவிடும். சாய்வு 0-க்கும் 1-க்கும் நடுவே வரவேண்டும்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வு) "கரியின் பயன்" கேட்டால் 'தண்ணீரைச் சுத்தமாக்கும்' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். நிறம், நாற்றம், குளோரின், கரிமப் பொருட்களைக் கிளர்வூட்டிய கரி பிடிக்கும். கடினத்தன்மை உப்புகளையும் நைட்ரேட்டையும் அப்படியே விட்டுவிடும். ஃபுளோரைடையும் சாதாரணக் கரி அவ்வளவாகத் தொடாது. ஃபுளோரைடு மிகுந்த தர்மபுரிப் பக்கத்துக் கிணற்று நீருக்குக் கிளர்வூட்டிய அலுமினா போன்ற வேறு பொருள் வேண்டும்.